கடைசியாத் தெரிஞ்சவ

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கிடுறீகளா தாயி? முழுசா வேணாம், பாதி போதும். எதிர்க்காத்து நெஞ்சுல அடிச்சா எனக்கு இருமல் வந்துரும். வந்தா லேசுல நிக்காது, பக்கத்துல இருக்க உங்களுக்குத்தான் தொந்தரவு. ம், அம்புட்டுத்தான்.

நீங்களும் மதுரைக்கா? நல்லதாப் போச்சு. எனக்கு ஊரு அருப்புக்கோட்டை. பேரு ஜெயக்கொடி. பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருக்கேன். இன்னைக்கு ராத்திரி மதுரையில மக கூடத் தங்கிட்டுக் காலையில ஊருக்குப் போகணும்.

பையில என்னன்னு பாக்குறீகளா? சூவு. ஓடுறதுக்குப் போடுற சூவு. நெசமாத்தான் சொல்றேன். திருச்சியில மூத்தோர் தடகளம்னு நடந்துச்சு. வயசு போனவுகளுக்குன்னே நடத்துற போட்டி. அதுல அம்பது வயசுக்கு மேல உள்ள பொம்பளைகளுக்கு எண்ணூறு மீட்டர், கிரவுண்டை ரெண்டு சுத்து. ஓடிட்டு வர்றேன். செயிச்சனா இல்லையான்னு அப்புறம் சொல்றேன், அதுல பெருசா ஒண்ணுமில்ல.

தீபாவளி கழிஞ்ச மழையில எனக்கு நிமோனியா வந்துருச்சு. முதல்ல சளின்னுதான் நெனைச்சேன். காய்ச்சலோட ரெண்டு மூணு நாள் ஓடக்கூடச் செஞ்சேன். எங்க வீட்டுக்காரரு, "காய்ச்சலோட ஓடாதடி, கூறு கெட்டவளே"ன்னு கத்துனாக. அவுக எதுக்கும் கத்துவாக, அதனால நான் காதுல வாங்கல.

அவுகளைப் பத்திச் சொல்லிருறேன். பேரு தவசிலிங்கம். மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டையர் ஆனவுக. எனக்குச் சுகர் வந்து டாக்டர் நடக்கச் சொன்னப்ப, "நட, நட"ன்னு விரட்டுனதும் அவுகதான். எங்க பள்ளிக்கூடத்து ரோஸ்லின் டீச்சர் என் நடையைப் பாத்துட்டு, "அக்கா, உங்களுக்கு ஓட்டக்காலு, ஓடிப் பாருங்க"ன்னு சொன்னப்ப, "இந்த வயசுல என்னடி ஓட்டம், ஊரு சிரிக்கும்"ன்னதும் அவுகதான். சொல்லிட்டு மறுநாள் விடியக்காலம் எனக்கு முன்னாடி சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாக. பொம்பளை தனியாப் போகக்கூடாதாம்.

அன்னையில இருந்து தினமும் வருவாக. கிரவுண்டு ஓரத்துல, வளைவுல, ஒரு பெரிய உருளை கெடக்கும். தரையைச் சமப்படுத்துற கல்லு உருளை. அது மேல பேப்பரை விரிச்சுக்கிட்டு உக்காந்திருவாக. நான் ஒவ்வொரு சுத்தும் அங்க வரும்போது பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காமலே, "கையை வீசு, கையை வீசு"ன்னு சத்தம் குடுப்பாக. ஓட்டத்தைப் பத்தி என்ன தெரியும் அவுகளுக்கு? பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத மனுசன். அடுத்த பஸ்ஸு வரும்பாக.

சரி, அதை விடுங்க. மூச்சு முட்டி, எங்க ஊரு ஆசுபத்திரியில பாத்து, அங்க முடியாதுன்னு மதுரைக்கு அனுப்பிட்டாக. ஐசியூ. வலது பக்க நெஞ்சுல நீரு கோத்திருச்சுன்னு குழாய் சொருகி எடுத்தாக. உள்ள கொண்டு போகும்போதே நர்சு என் வளையல், தோடு, தாலி எல்லாத்தையும் கழட்டி ஒரு கவர்ல போட்டு அவுக கையில குடுத்துச்சு. அவுக அந்தக் கவரை வாங்கி, சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு நின்னாக. அது வரைக்கும் நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்குப் பொறகு சில நாளு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.

முழிப்பு வந்தப்ப கால்மாட்டுல அவுக நிக்கிறாக. என் கால் கட்டை விரலைப் பிடிச்சுக்கிட்டு. முகத்துல மாஸ்க்கு, என்னால பேச முடியாது. "கிரவுண்டு காலியாக் கெடக்குடி"ன்னாக. அம்புட்டுத்தான் பேச்சு. அஞ்சு நிமிசத்துல வெளிய போகச் சொல்லிருவாக. அப்படி ரெண்டு நாளு காலையில வந்தாக.

அடுத்த நாளு வரல.

மக சுகந்திதான் வந்தா. எங்களுக்கு ஒரே மக. மதுரையில ஒரு ஜவுளிக்கடையில கணக்குப் பாக்குறா. சாயங்காலம் பாக்குற நேரத்துல வந்தா, தலையெல்லாம் ஈரம், சொட்டுச் சொட்டா வடியுது. கண்ணு செவசெவன்னு இருக்கு. மாஸ்க்கை விலக்கிட்டு, "ஏன்டி, நோயாளியைப் பாக்க ஈரத்தலையோட வருவாகளா? உனக்கும் சளி பிடிக்கணுமா?"ன்னு திட்டுனேன். "அவசரத்துல துவட்டலம்மா"ன்னா. "அப்பா எங்க?"ன்னேன். "அப்பாவுக்குச் சளி பிடிச்சிருக்கும்மா, சளியோட உள்ள விட மாட்டாங்களாம்"ன்னு சொல்லிச் சிரிச்சா.

சளின்னா ரெண்டு நாளு இருக்கும், மூணு நாளு இருக்கும். ஐசியூவுல இருந்து என்னை வார்டுக்கு மாத்திட்டாக. அங்க யாரு வேணாலும் வரலாம். எங்க அண்ணன் ராமர் வர்றாரு, மதினி வர்றா, ரோஸ்லின் டீச்சர் லீவு போட்டுட்டு வர்றாங்க. கட்டுன புருசனைக் காணோம். போன் போட்டுக் குடுடின்னா, "அப்பா போனு தண்ணியில விழுந்துருச்சும்மா"ங்கிறா. பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா, அதுக்கு அதோட வீட்டுக்காரரு ஆரஞ்சு உரிச்சு, நாரெல்லாம் எடுத்து ஊட்டுறாரு. நான் அதைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். எனக்கு வந்த கோவம் இருக்கே! ஒரு நாளு எட்டிப் பாக்க மாட்டானா இந்த மனுசன், வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு டிவி பாக்குதாக்கும், வரட்டும், வந்து நிக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்னு ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சு வச்சேன். மூணு பந்து இருக்க ஒரு கருவி குடுத்திருந்தாக, குழாயில மூச்சை இழுத்து இழுத்துப் பந்தை மேல தூக்கணும். நுரையீரலுக்குப் பயிற்சி. அந்தக் கோவத்துலதான் தாயி மூணு பந்தையும் தூக்குனேன். நர்சு கூடக் கை தட்டுச்சு.

டிக்கெட்டா? எடுத்தாச்சு தம்பி, மாட்டுத்தாவணி.

எங்க விட்டேன்? ஆமா, டிஸ்சார்ஜ். அண்ணன் கார் கொண்டு வந்திருந்தாரு. காரியாபட்டி தாண்டி ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தச் சொன்னாரு. எனக்கு ஒரு டீ வாங்கிக் கையில குடுத்தாரு. சுகந்தி முன் சீட்டுல இருக்கா, திரும்பவே மாட்டேங்கிறா. அண்ணன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, "ஜெயக்கொடி, மாப்பிள்ளை தவறிட்டாருமா"ன்னாரு.

"எப்ப?"ன்னு கேட்டேன்.

சொன்னாரு. ஆசுபத்திரியில இருந்து எனக்கு மாத்துத்துணி எடுக்க ஊருக்குப் போயிருக்காக. பீரோவைத் திறந்து என் நைட்டியை எடுத்துப் பையில வச்சுட்டு, நாற்காலியில உக்காந்தவுகதான். பக்கத்து வீட்டு ஆளு வந்து பாக்கும்போது முடிஞ்சிருச்சு. மறுநாள் மத்தியானம் எடுத்துட்டாக. அன்னைக்குச் சாயங்காலம்தான் மக ஈரத்தலையோட என் முன்னாடி வந்து நின்னது.

நான் டீயைக் குடிச்சேன். ஆறிப்போச்சேன்னு நெனைச்சேன். நெசமா அது ஒண்ணுதான் நெனைச்சேன். தம்ளரைத் திருப்பிக் குடுத்துட்டு, "போவோமா"ன்னேன்.

வீட்டுக்குப் போனா பொம்பளைக எல்லாம் கூடி இருக்காக. பதினாறாம் நாளு காரியமெல்லாம் முடிஞ்சு போச்சு. படத்துக்கு மாலை போட்டு விளக்கு எரியுது. எல்லாரும் என் மேல விழுந்து அழுறாக. நான் அவுக முதுகைத் தட்டிக் குடுத்து, "சரி, சரி, விடுங்க"ன்னு சமாதானம் சொல்றேன். மதினி என் கழுத்தைப் பாத்தா. என்னமோ செய்யணும்னு அவளுக்கு. அங்க கழட்டுறதுக்கு ஒண்ணுமில்லையே! அதான் ஆசுபத்திரியிலயே கழட்டிட்டாகளே. அவுக கையாலதான வாங்கி வச்சாக. மதினி அடுப்படிக்குப் போயிட்டா.

எனக்கு அழுகை வரல தாயி. இன்ன வரைக்கும் வரல. அந்த ஊசி மருந்து அப்படிப் பண்ணும்னு நெனைக்கிறேன். சாப்பாட்டுல உப்பு ஒரைப்பு தெரியல, ராத்திரி தூக்கம் வரல, யாராவது பேசுனா தூரத்துல இருந்து பேசுற மாதிரி இருக்கு. டாக்டர்ட்டச் சொன்னேன். "மருந்து நிறுத்தி ரொம்ப நாளாச்சேம்மா"ன்னாரு. கடுமையான மருந்து, உடம்புல தங்கியிருக்கும்ல? டாக்டரு என்னத்தைக் கண்டாரு.

நடக்கலாம்னு சொன்னாரு. முதல்ல வீட்டுக்குள்ள, பொறகு தெரு முக்கு வரைக்கும், பொறகு கிரவுண்டு. அவசரப்படாம, மூச்சு வாங்குனா நின்னுரணும். ரோஸ்லின் டீச்சர் கூட வருவாங்க. பொங்கல் கழிச்சு ஒரு நாளு, "மெதுவா ஓடிப் பாப்போமாக்கா"ன்னாங்க. ஓடுனேன். கால் நல்லாத்தான் போகுது. வளைவுல அந்த உருளைக்கிட்ட வந்தேன், மூச்சு டக்குன்னு நின்னு போச்சு. நெஞ்சைக் கயித்தால கட்டுன மாதிரி. குனிஞ்சு நின்னுட்டேன்.

மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும். அந்த இடம் வந்தா மூச்சு நிக்கும். டீச்சர் என்ன நெனைச்சாங்களோ, "எதிர்த்திசையில ஓடிப் பாப்போம்க்கா"ன்னாங்க. அப்படி ஓடுனாலும் அதே உருளைக்கிட்ட வந்துதான் நிக்குது. அந்தப் பக்கமாப் போனா உருளை கிட்டத்துலயே வந்துரும், எடுத்தவுடனே நாலு எட்டுத்தான் வச்சிருப்பேன், களைக்கக்கூட இல்ல. சரி, நுரையீரல்ல எங்கயோ ஒரு மூலையில சளி மிச்சமிருக்குன்னு மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்துல பிடிச்சு, "சுத்தமா இருக்கும்மா, கண்ணாடி மாதிரி"ங்கிறாரு. அவரு மெசினு சரியில்ல போல. ரோஸ்லின் டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, நெஞ்செல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்க ஒரு நாளு நல்லா அழுதுருங்க"ன்னாங்க. மூச்சுக்கும் அழுகைக்கும் என்ன சம்பந்தம்? படிச்சவுகளும் இப்படிப் பேசுறாக.

ஊருல பேச்சு வராம இருக்குமா? அண்ணனே வந்து கேட்டாரு. "மாப்பிள்ளை போயி ஆறு மாசம் முடியல, டவுசரைப் போட்டுக்கிட்டு ஓடுறியாமே?"

"டவுசரு இல்லண்ணே, முழுப் பேன்ட்டு"ன்னேன்.

துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. கிரவுண்டுக்கு ஓட வர்ற போலீசு ஏட்டு ஒருத்தர், மாத்தலாகி வேற ஊருக்குப் போயிருந்தவரு, போன மாசம் திரும்பி வந்திருந்தாரு. என்னைப் பாத்துட்டு, "என்னக்கா, சாரைக் காணோம்?"னு கேட்டாரு. "வரல"ன்னேன். "சரி, கேட்டதாச் சொல்லுங்க"ன்னுட்டு ஓடிட்டாரு. டீச்சர் என்னையவே பாக்குறாங்க. நான் பொய்யா சொன்னேன்? வரலதான! அப்பத்தான் எனக்கே தோணுச்சு. அவுக செத்துப்போனாகன்னு நான் இன்னும் ஒரு ஆளுகிட்டக்கூட என் வாயால சொன்னதில்ல. சொல்ல வேண்டியிருக்கலையே. எங்க தெருவுக்கே எனக்கு முன்னாடி தெரியும். பால் ஊத்துறவருக்குத் தெரியும், அயர்ன்காரருக்குத் தெரியும், வார்டுல எனக்கு இட்லி கொண்டாந்து குடுத்த ஆயாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நான்தான் கடைசி. பொண்டாட்டி கடைசி!

அதுலதான் எனக்கு மக மேல வருத்தம். பெத்த தாய்கிட்ட அம்புட்டு நாளு பொய் சொல்லலாமா? டாக்டர் சொல்லக்கூடாதுன்னாராம், சொன்னா நான் தாங்க மாட்டேன்னாராம். இருக்கட்டும். ஆனா அப்பனைத் தூக்கிக் குடுத்துட்டு, அதே நாளு சாயங்காலம் என் முன்னாடி வந்து சிரிச்சாளே, அது எப்படி முடியும் தாயி? கல்நெஞ்சுக்காரின்னு நெனைச்சேன். நாளு தவறாம போன் போடுவா. சாப்பிட்டியாம்மா? ம். மாத்திரை போட்டியா? ம். ஓடுனியா? ம். "எம்மேல கோவமாம்மா?"ன்னு ஒரு தடவை கேட்டா. இல்லைன்னேன். அதுக்குப் பொறகும் போன் வர்றது நிக்கல. ஒண்ணும் பேச மாட்டா, நானும் பேச மாட்டேன். கொஞ்ச நேரம் இருந்துட்டு, "சரிம்மா வைக்கிறேன்"னு வச்சிருவா. எதுக்கு இப்படிப் போன் போடுறான்னு எனக்கு எரிச்சலாக்கூட இருக்கும்.

மேலூரு வந்துருச்சு போல. வெள்ளரிக்காய் வேணுமா? எனக்கு வேணாம், குளிர்ச்சி ஆகாது.

இந்தப் போட்டிக்கு டீச்சர்தான் பேரு குடுத்தாங்க. அவுகளுக்குப் பரீட்சை டூட்டி, வர முடியல. தனியாத்தான் வந்தேன். நேத்து ராத்திரி ஒரு கல்யாண மண்டபத்துல படுக்க வச்சாக, எல்லா ஊருப் பொம்பளைகளையும். ஒரு அம்மாவுக்கு எழுபது வயசு, குண்டு எறியிது, குறட்டையும் அதே கனத்துல.

காலையில எங்க ஓட்டம். அஞ்சு பேரு. விசில் ஊதுனதும் எல்லாம் பறக்குறாளுக, நான் என் போக்குல போறேன். வளைவு வருது. இப்ப நிக்கும், இப்ப நிக்கும்னு நெஞ்சைக் கையால அழுத்திக்கிட்டே போறேன். நிக்கல. அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் சுண்ணாம்புக்கோடு, நாலு புல்லு. தாண்டிட்டேன். ரெண்டாவது சுத்துலயும் அதே மாதிரி தாண்டிட்டேன். மூச்சு பாட்டுக்கு வருது, போகுது. திருச்சி காத்து நல்ல காத்து போல, காவேரி இருக்குல்ல. நாலாவதா வந்தேன். அஞ்சாவதா வந்த அம்மாவுக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு, இல்லாட்டி நான்தான் கடைசி.

முடிச்சுட்டு ஒரு ஓரமா உக்காந்தேன். மத்தவுகளுக்கெல்லாம் தண்ணி குடுக்க, துண்டு குடுக்க ஆளு இருந்துச்சு. நான் சூவைக் கழட்டிக்கிட்டு இருக்கேன், போன் அடிக்குது. சுகந்தி.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சு."

"நெஞ்சு ஒண்ணும் பண்ணலையே?"

"ஒண்ணும் பண்ணல."

வழக்கம் போலச் சரிம்மா வைக்கிறேன்னு சொல்லப்போறான்னு இருக்கேன். கேக்கணும்னு நான் நெனைக்கவே இல்ல தாயி, வாய் தானாக் கேட்டுச்சு.

"உங்கப்பாவுக்கு யாருடி கொள்ளி வச்சா?"

எங்களுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்ல. அண்ணன் மகன்தான் வச்சிருப்பான்னு நானா நெனைச்சிருந்தேன். யாரையும் கேட்டதும் இல்ல.

"நான்தாம்மா"ன்னா.

"நீயா?"

"மாமா வேணாம்னாரு. சுடுகாட்டுக்குப் பொம்பளைப்பிள்ளை வரக்கூடாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்கப்பாவுக்கு நான்தான் வைப்பேன்னு நின்னுட்டேன்."

"பயமா இல்லையாடி?"

"இருந்துச்சும்மா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

அப்ப அழ ஆரம்பிச்சா. சின்னப்பிள்ளையில கீழ விழுந்து வந்து அழுவாளே, அந்த மாதிரி, மூச்சை இழுத்து இழுத்து. "நீயாக் கேப்பேன்னுதாம்மா தினமும் போன் போட்டேன். இன்னைக்குக் கேப்ப, நாளைக்குக் கேப்பன்னு பாத்தேன். அப்பாவைப் பத்தி நீ ஒரு வார்த்தைகூடக் கேக்கலையேம்மா"ன்னா.

எனக்கு அழுகை வரல. ஆனா போனை வைக்கல. அவ அழுது முடிக்கிற வரைக்கும் காதுல வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அடுத்த போட்டிக்கு ஆளுகளைக் கூப்பிடுறாக, மைக்குல என்னமோ சத்தம், ஒரு அம்மா வந்து, "நகந்து உக்காருங்க, இங்க ஈட்டி எறியப் போறாங்க"ங்கிறாக. நகந்து உக்காந்தேன். காதுல இருந்து போனை எடுக்கல.

இப்ப வீட்டுக்குப் போனதும் முதல்ல இருந்து சொல்லச் சொல்லணும். அன்னைக்குக் காலையில அவுக ஆசுபத்திரியில இருந்து கெளம்பும்போது இவகிட்ட என்ன சொல்லிட்டுப் போனாக, சாப்பிட்டாகளா, எந்தச் சட்டை போட்டிருந்தாக, இவளுக்கு யாரு போன் பண்ணிச் சொன்னா, ஊருக்கு யாரு கூடப் போனா, ராத்திரி பூரா எங்க உக்காந்திருந்தா, ஒரு வாய் காப்பித்தண்ணி யாராவது குடுத்தாகளா. ஒண்ணு விடாமக் கேக்கணும். கேக்குறதுக்கு எனக்கு இம்புட்டு நாளாச்சு, பாருங்க.

மாட்டுத்தாவணியா? இறங்க வேண்டியதுதான். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க தாயி. பஸ் ஸ்டாண்டுக்கு வராத, வேலையைப் பாருன்னுதான் சொன்னேன். கேக்கல, வந்து நிக்கிறா. அந்தா, அந்தப் பழக்கடைக்குப் பக்கத்துல, ஊதாச் சுடிதாரு. நம்ம பஸ்ஸைத்தான் தேடுறா.

மெலிஞ்சு போயிருக்கா தாயி. கழுத்தெலும்பு தெரியுது. இம்புட்டு மெலிஞ்சிருக்காளே, நான் பாக்கவே இல்லையே.